பதினோரு நாள் பழைய சர்வர்

என் மச்சானுக்கு அலுவலகத்தில் தனக்கென்று ஒரு குளியலறை வேண்டியிருந்தது. வீட்டில் மூன்று இருக்கின்றன, போதவில்லை. மாடியில் தன் அறையை ஒட்டிச் சலவைக்கல் பதித்து, வெந்நீர்க் குழாயும் படுத்துக் குளிக்கிற தொட்டியும் வைத்துக் கட்டினான். அதற்கு நேர் கீழே சர்வர் அறை. செங்கல் வந்து இறங்கிய அன்றே சொன்னேன். "தண்ணி என்ன, கயிறு கட்டி இறங்கியா வரப்போகுது மாப்ள?" என்று சிரித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கயிறு கட்டாமலேயே இறங்கி வந்தது. ஏழு மணிக்குக் கூட்டிப் பெருக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தது. போனில் என்னிடம், "அண்ணே, உங்க மெஷின் குளிச்சிட்டிருக்கு" என்றது. நான் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். மேற்கூரைப் பலகைகள் ஊறி இடிந்து சர்வர் மேலேயே விழுந்திருந்தன. தொட்டிக்குப் போகிற வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் கக்கியிருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று காப்பாற்றட்டும் என்று சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு வைத்திருந்தேன். ஒரே தொட்டியில் இரண்டும் மூழ்கினால் எது எதைக் காப்பாற்றும்? கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்பவருக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் ஆகும், வருமா வராதா என்று சொல்ல முடியாது என்றார்.

எங்களுடையது பரிசோதனைக் கூடம். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வது தொழில். மாமனார் தொடங்கியதை மச்சான் நடத்துகிறான். நடத்துகிறான் என்பது குடும்பத்தில் வழங்குகிற சொல், நானும் அதையே பயன்படுத்துகிறேன். அவனுடைய தங்கை, அதாவது என் மனைவி, முன்கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பதிவு செய்கிறாள். கம்ப்யூட்டர்கள் என் பாடு. கல்யாணமான புதிதில் மாமனார் என்னை ஒருவரிடம், "ஏதோ பட்டன் அமுக்குற வேலை தெரிஞ்சவர்" என்று அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பட்டன். குழந்தைகள் வரைக்கும் பட்டன் மாமாதான்.

மச்சான் ஒன்பது மணிக்கு வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான், ஏதோ சாக்கடை போல. அவன் குளிக்கிற தண்ணீர்தான் அது.

"பேக்கப் இருக்குல்ல மாப்ள?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? தட்டி விடு."

தட்டி விடுவதாம். சோளத்தட்டையைத் தட்டி விடுவது போல. ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் கர்வம்தான். இந்தக் கும்பலில் வெள்ளம் வருமுன் அணை போட்டவன் நான் ஒருவன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் முதல் கடைசிப் பதிவு வரை, சர்வர் முழுவதையும் அப்படியே ஒரு பிரதியாக, தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் எடுத்து வைக்கும். பிரதியை வைக்கிற சேமிப்புப் பெட்டி முன்கூடத்து அலமாரியில், சொட்டு ஈரம் படாமல் இருந்தது. எடுத்து முடித்ததும் எனக்கு மின்னஞ்சல் வரும். நான்கு வருடமாக இதைக் குடும்பச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். மாமனார் கொட்டாவி விடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்று என்ன பறிபோகவிருந்தது என்பது விளங்காது. எங்கள் சில்லுகளிலும் சீசாக்களிலும் நோயாளியின் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது சர்வருக்கு மட்டும் தெரியும், நோயாளியிடம்கூட அந்த எண் இருக்காது. டாக்டர்கள் எழுதி அனுப்புகிற சீட்டை ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே கிழிக்கிற மெஷினில் போட்டுவிடுவோம். காகிதமே இல்லாத கூடம். இது மச்சானின் மூளையில் உதித்தது. இதற்காக எவனோ ஒரு கேடயம் கொடுத்தான், அது மாடியில் குளியலறைக்குப் போகிற வழியில் வைக்கப்பட்டிருக்கிறது. பெயரை ஒரு நோட்டிலும் எழுதி வைப்போம் என்று என் மனைவி கேட்டதற்கு, "நோட்டு வச்சா அப்புறம் நமக்கும் பலசரக்குக் கடைக்கும் என்ன வித்தியாசம்?" என்றான். பலசரக்குக் கடையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதுதான் வித்தியாசம்.

முன்கூடத்தில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் எட்டரை மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. மார்பில் கட்டி. வெள்ளிக்கிழமை எங்களிடம்தான் ஊசி குத்தித் துணுக்கு எடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா என்பது எங்கள் ரிப்போர்ட்டைப் பொறுத்தது. செவ்வாய் மாலை நாலு மணிக்குள் ரிப்போர்ட் கைக்கு வராவிட்டால் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அடுத்த நாள் மூன்று வாரம் கழித்து.

"நாலு மணிக்குள்ள முடியுமாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரெண்டு மணிக்கே முடிச்சுடுவேன்" என்றேன். சத்தமாக, டிரைவருக்கும் கேட்கிற மாதிரி.

மாற்று சர்வர் ஒன்று அட்டைப்பெட்டியில் இருந்தது. வெளியே எடுத்து, மீட்புக்கென்று நான் செய்து வைத்திருந்த பென்டிரைவைச் செருகி, மின்சாரம் கொடுத்தேன். முழுப் பிரதியிலிருந்து மீட்டெடு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சர்வர் முன்கூடத்துப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் இருக்கிற கடைசிப் பிரதியின் தேதியைத் திரையில் காட்டியது.

தேதி பதினோரு நாள் பழையது.

திரையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு போனை எடுத்தேன். அந்தத் தினசரி மின்னஞ்சல்கள் தொல்லையாக இருக்கிறதென்று, வந்தவுடன் தானாகவே தனி ஃபோல்டருக்குப் போய்விடும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். அந்த ஃபோல்டரை நான்கு வருடத்தில் ஒரு முறைகூடத் திறந்ததில்லை. திறந்தேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மின்னஞ்சல்கள். வெற்றி, வெற்றி, வெற்றி என்று ஒரே வரிசை. மேலே இருந்த பதினொன்றில் மட்டும் தோல்வி, இடமில்லை. பெட்டிக்குள் பார்த்தால் வெள்ளிவிழா என்று ஒரு பெரிய ஃபோல்டர். கூடத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவை மூன்று கேமரா வைத்துப் படமெடுத்து, அத்தனையையும் மச்சான் அதில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். மேலேயிருந்து எடுத்த படத்தில் அவன் தலை வழுக்கை தெரிகிறதென்று அதை மட்டும் நீக்கியிருந்தான்.

சரி, பெட்டியை நிரப்பியது அவன். நிரம்பிவிட்டது என்று பதினோரு நாள் கதறியது என்னிடம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் பொன்குடம் எப்போதும் என் கையிலிருந்துதான் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எழுந்துபோய், இதில் பதினோரு நாள் இல்லை, வெள்ளிக்கிழமைப் பெண் இதில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் சர்வரைத் தூக்கி நிறுத்துவோம், மீதி ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். பயந்தேன்.

மீட்டெடு என்று அழுத்தினேன். டிஸ்க் போதாது என்று மறுத்துவிட்டது. மாற்று சர்வர் வாங்கும்போது பழையதன் அளவுக்கே டிஸ்க் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மச்சான் பாதி அளவில் வாங்கியிருந்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கத்துவதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

"நான் கேட்டது என்ன, நீங்க வாங்கினது என்ன?"

"பழசுல பாதிதான மாப்ள நிரம்பியிருந்துச்சு? காலி இடத்துக்கு எதுக்குக் காசு?"

"முழு சர்வரையும் அப்படியே திருப்பி வைக்கிறோம் மச்சான். இது அப்பளத்தை மடிச்சு வைக்கிற மாதிரி இல்ல. டிஸ்க் பழைய அளவாவது இருக்கணும், இல்லன்னா உள்ளயே விடாது."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?"

"எழுதிக் குடுத்தேன்."

"எழுதினா? நம்ம காகிதமில்லாத கூடம்ல?" என்றான். சிரிக்கவும் செய்தான்.

பெரிய டிஸ்க் கட்டடத்தில் இன்னொரு இடத்தில்தான் இருந்தது. முன்கூடத்துக் கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டியில். கழற்றினேன். மச்சான் குறுக்கே வந்தான். "கேமரா ஓடாம திருடன் வந்துட்டா?" என்றான். "உங்க தொட்டியத் தூக்கிட்டுப் போகட்டும், எனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். டிஸ்க்கை மாட்டினேன். இதில் உள்ள அனைத்தும் அழியும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மணி பன்னிரண்டு.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. என் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"பசி."

"எதையாவது மறைக்கிறீங்களா?"

"போய் உன் அண்ணன் கிட்ட கேளு, அவர்தான் பாதி டிஸ்க் வாங்கினது."

பதினேழு வருடம் கூட இருப்பவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஒன்றேமுக்காலுக்கு சர்வர் எழுந்தது. பழைய உள்நுழைவுத் திரை, பழைய பின்னணிப் படம், மூலையில் நான் வைத்திருந்த பெயர்ப்பட்டி, எல்லாம் அச்சு அசல். அந்த வேலை சுத்தமான வேலை, அதில் ஒரு குறை யாரும் சொல்ல முடியாது. மச்சான் கைதட்டினான். "சிங்கம்டா நீ மாப்ள!" என்று என் தோளைக் கட்டிக்கொண்டு திரையோடு சேர்த்துப் படம் எடுத்தான். அந்தப் படத்தை உறவுக்காரர்கள் குழுவில் போட்டு, பேரிடரிலிருந்து மீண்டோம் என்று எழுதினான். குழாய் வெடித்தது என்று எழுத வேண்டியதுதானே. பேரிடராம். மாமனார் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார். எனக்கு அவர் அனுப்பிய முதல் கட்டைவிரல்.

என் மனைவி முன்கூடத்திலிருந்து டிரைவர் மனைவியின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இல்லை. மறுபடி தட்டினாள். எழுந்து வந்து சர்வர் அறை வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமையே இல்லையேங்க இதுல?"

அப்போதுதான் சொன்னேன்.

சில்லுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மா மாடியிலிருந்து வந்தார். மைக்ரோஸ்கோப்புக்கு சர்வர் வேண்டியதில்லை. காலையிலிருந்து மேசையில் இருந்த முப்பத்தெட்டுச் சில்லுகளையும் பார்த்து முடித்து, எண் வாரியாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அன்று வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அனுப்பிய டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டு, யார் யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டு எழுதினோம். இரைப்பைத் துணுக்கு இருவருடையது, ஆனால் வந்த தேதி வேறு வேறு. தோல் ஒன்று. தொண்டை ஒன்று. இப்படிக் கழித்துக் கழித்து முப்பத்தாறு சில்லுகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. மணி மூன்று.

மிச்சம் இரண்டு. 4471, 4472. இரண்டும் மார்பிலிருந்து, இரண்டும் வெள்ளிக்கிழமை காலை. ஒன்று டிரைவர் மனைவியுடையது, இன்னொன்று ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவருடையது. 4471 புற்றுநோய். 4472 ஒன்றுமில்லாத வெறும் கட்டி.

"இதுல குழம்ப என்ன இருக்கு?" என்றான் மச்சான். "வயசானவங்களுக்குத்தான் வரும். சின்னப் பொண்ணு நல்லா இருக்கு, அந்த அம்மாவுக்கு இருக்கு. எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படி எழுதச் சொல்வீங்களா?"

"இல்ல, பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா யாருக்கும் புற்றுநோய் வர்றதில்ல. ஒவ்வொருத்தரா வருது."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பரிதாபமாகக்கூட இல்லை. ஆனால் அவனை ஏளனம் செய்கிற தெம்பும் எனக்குப் போய்விட்டது.

எண் பதிவு செய்த வரிசைப்படிதான் விழும். யார் முதலில் பதிந்தார்கள் என்று தெரிந்தால் போதும். என் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ஒரு நாளைக்கு அறுபது பேர். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்" என்றாள். அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, சும்மா கேட்பது போல எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். ஒன்பது. டிரைவரும் ஒன்பது என்றார். ஒன்பதுக்குத்தான் நாங்கள் கதவையே திறப்போம். "எனக்கு அன்னைக்கு பயத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா, பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, அவ்வளவுதான்" என்றாள் டிரைவர் மனைவி. சதைத் துணுக்கை வேறு கூடத்துக்கு அனுப்பி மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டரம்மா. பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"முன்னாடி கேமரா இருக்கே? கவுன்டர்ல யாரு முதல்ல நின்னாங்கன்னு பாத்தா தீர்ந்துதே?"

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. என் மனைவி பாதி எழுந்துவிட்டாள். மச்சான் என்னைப் பார்த்தான். அவனுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

"அந்த டிஸ்க்லதான் சர்வர் ஓடுது" என்றேன்.

"அதை அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

பத்தரை மணிக்கு அந்தத் தேதியைப் பார்த்தவுடன் நான் வாயைத் திறந்திருந்தால், டாக்டரம்மா அப்போதே இதைக் கேட்டிருப்பார். பதிவு முழுசாக இருந்திருக்கும். பத்து நிமிட வேலை. நான் ஒன்றரை மணி நேரம் மச்சானின் முட்டாள்தனத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன், நடுவில் என் கையாலேயே டிக் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவனைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஆயிரத்து நானூறு மின்னஞ்சல், ஒன்றைக்கூடப் படிக்காதவன் சொன்னது.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, விவரம் எதுவும் வெளிய வேண்டாம். தண்ணி வந்துடுச்சு, எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிடுவோம். பேரிடர். யாரு மேலயும் தப்பில்ல." என் மேல் அவனுக்கு அக்கறையெல்லாம் இல்லை. தப்பு என்று ஒன்றைத் தோண்டினால் கடைசியில் அவன் தொட்டி வரைக்கும் போகும்.

"நகருங்க மச்சான்" என்றேன்.

முன்கூடத்துக்குப் போய் அவர்கள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணி மூன்றரை. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தினமும் சர்வரைப் பிரதி எடுத்து வைக்கிறது என் பொறுப்பு. பதினோரு நாளா அது நடக்கல, நான் பாக்கல. அன்னைக்கு இவங்க, இன்னொரு அம்மா, ரெண்டு பேர்ல யாரு முதல்ல பதிஞ்சாங்கன்னு கேமராவுல இருந்துச்சு, அதையும் இன்னைக்கு மத்தியானம் நானே அழிச்சுட்டேன். ரெண்டு ரிசல்ட் இருக்கு. எது இவங்களோடதுன்னு சொல்ல முடியல. மறுபடி எடுக்கணும்."

"ரெண்டுல ஒண்ணு நல்லா இருக்கா?" என்றார் டிரைவர்.

"இருக்கு."

"இன்னொண்ணு?"

நான் அவர் கையைப் பார்த்தேன். பெரிய கை அவருக்கு. ஓங்கி ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்தேன், வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்று சர்ஜனின் உதவியாளருக்குப் போன் செய்தார். "சரிங்க. சரிங்க. இல்லங்க, புரியுது. அடுத்த மாசமே போட்டுக்கங்க" என்று அவர் சொல்வது கேட்டது. கவுன்டருக்குப் பின்னால் என் மனைவி தலை குனிந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அந்த இன்னொரு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அன்று என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இனிமேதான் போன் பண்ணணும்."

"போன்ல சொல்லாதீங்க. அன்னைக்கு அவங்க தனியாத்தான் வந்திருந்தாங்க."

டாக்டரம்மா உள்ளே ஊசி எடுக்கும் அறையைத் தயார் செய்யச் சொன்னார். என் மனைவி புதுச் சீசா ஒன்றை எடுத்து, அச்சு மெஷினில் வந்த எண் சீட்டை அதில் ஒட்டி, கவுன்டர் மேல் வைத்தாள். மீண்டெழுந்த என் சர்வர் கொடுத்த எண். பிசகில்லாத புத்தம்புது எண். அதை எடுத்து உள்ளே கொண்டுபோக நான் கை நீட்டினேன்.

அந்தப் பெண் சீசாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அக்கா, பேனா குடுங்க" என்றாள். எண் சீட்டின் மேலேயே, கொட்டை எழுத்தில், தன் பெயரை எழுதினாள். மச்சான், "அதுல பேரெல்லாம் எழுதக்கூடாதும்மா" என்று ஆரம்பித்தான். "அண்ணா, நீ மாடிக்குப் போ" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் பெயருக்குக் கீழே கணவன் பெயரை எழுதினாள், அதற்குக் கீழே வயதை எழுதினாள். எழுதிய மை காய்கிற வரை ஊதினாள். நீட்டிய என் கை இன்னும் அப்படியே இருந்தது.

"வேணாம்" என்றாள். "நானே கொண்டு போறேன்."